கைவிடப்பட்ட ஓட்டுத் தொழிற்சாலையின் சம்புக் கிடங்கில் என்ன பறவைகள் இருக்கும்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். முல்லைத்தீவு மாவட்டத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், யுத்த காலத்தில் மூடப்பட்ட ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்குக் களிமண் வெட்டிய கிடங்குகள் இருக்கின்றன. இப்போது அவற்றில் தண்ணீர் நின்று, ஆள் உயரத்துக்கு மேல் சம்பு, அதாவது நாணல்போல் நெடுந்தாள் விடும் நீர்ச்செடி, வளர்ந்து மூடிவிட்டது. விடியப்புறம் உள்ளேயிருந்து நிறையச் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் இரண்டு கொக்கும் ஒரு மீன்கொத்தியும்தான் கண்ணில் படுகின்றன. அங்கே என்ன இருக்கும், எப்படிப் பார்ப்பது, என்ன பைனாகுலர் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஊரில் சிலர் அதை மண் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள் என்றும், பறவைகள் வந்துவிட்டதால் அந்த நிலம் சுகப்பட்டுவிட்டது என்று சொல்லலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் பறவைகளைப் பற்றிச் சொன்ன பிறகு சொன்னால்தான் அது விளங்கும்.

நான் விலங்கியல் படித்தவன். வன்னிப் பாடசாலைகளில் கற்பித்த காலம் முழுவதும் குளக்கட்டுகளிலும் அலைகரைகளிலும் பறவை பார்த்திருக்கிறேன். ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புகளுக்கும் போயிருக்கிறேன். உங்கள் கிடங்கை நான் பார்த்ததில்லை. ஆகவே வன்னியின் மற்றச் சம்புப் பற்றைகளில் கண்டதையும், இந்தப் பறவைகளின் வாழ்க்கை பற்றி உறுதியாக அறியப்பட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். ஊகமாகச் சொல்லும் இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சத்தம் கேட்கிறது, பறவையைக் காணவில்லை என்பதில் புதினம் எதுவும் இல்லை. சம்புக்குள் வாழும் பறவைகளின் உடம்பே ஒளிவதற்கென்று அமைந்தது. கொக்கு இனத்துச் சிறு பறவையான மஞ்சள் குருகை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் அரவம் கேட்டால் அது உடனே பறக்காது. கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள நெடுங்கோடுகள் காய்ந்த சம்புத் தாள்களோடு கலந்துவிடும். ஐந்து மீற்றருக்குள் நின்றாலும் தெரியாது. கானாங்கோழியும் தாழைக்கோழியும் உடம்பைப் பக்கவாட்டில் ஒடுக்கி இரண்டு தாள்களுக்கிடையில் நுழைந்துவிடும். நீங்கள் கரை நெடுக நடந்து பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நடப்பவருக்குச் சம்பு எதையும் காட்டாது. அவர் வரும் அதிர்வு அவருக்கு முன்னே போய்விடும்.

செய்ய வேண்டியது ஓரிடத்தில் இருப்பது. சம்பு முடிந்து திறந்த தண்ணீர் தொடங்கும் விளிம்பு ஒன்றைத் தெரிந்தெடுங்கள். சம்புக்கு நடுவே சிறிய வெளி இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரு பற்றையிலிருந்து மறு பற்றைக்குப் போகும் பறவை அந்த வெளியைக் கடந்தே ஆகவேண்டும். காலையில் கிழக்குக் கரையில் இருங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பின்னேரம் மேற்குக் கரைக்கு மாறுங்கள். நிலம் வெளுக்கும் முன்னரே போய், நின்றுகொண்டிராமல் தாழ இருந்துவிடுங்கள். முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் நடக்காது. அதில் எழும்பிப் போய்விடுகிறவர்கள்தான் கூட. உங்களை மறந்த பிறகே விளிம்புக்கு ஒவ்வொன்றாக வரும். சோளகம் அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். சம்பு முழுவதும் சலசலக்கத் தொடங்கினால் காதும் கண்ணும் இரண்டுமே உதவாது. அந்த மாதங்களில் எட்டரைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். கல் எறிந்து கிளப்புவது, கைபேசியில் குரலைப் போட்டு இழுப்பது இரண்டும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அந்த வேலை முட்டையை வெயிலிலும் காகத்துக்கு முன்னாலும் விட்டுப்போக வைக்கும்.

இனி என்ன இருக்கும் என்பதற்கு வருவோம். கானாங்கோழி இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளை முகம், வெள்ளை நெஞ்சு, வாலுக்கடியில் செங்கபிலம். மழைக்குப் பிறகும் மம்மல் பொழுதிலும் இரவிலும் விடாமல் கத்துவது பெரும்பாலும் அதுதான். நீங்கள் கேட்ட சத்தத்தில் பாதி அதனுடையதாக இருக்கலாம். நீலத் தாழைக்கோழியும் அநேகமாக இருக்கும். கோழியளவு உடம்பு, ஊதா கலந்த நீலம், சிவந்த தடித்த அலகு, நீண்ட சிவந்த கால். சம்புத் தாளை அடியோடு இழுத்து, ஒரு காலால் பிடித்துக்கொண்டு மென்மையான தண்டைக் கடித்துத் தின்னும். விளிம்பில் வெள்ளையாகக் கடித்துப் போட்ட தண்டுத் துண்டுகள் மிதந்தால் அது வந்துபோயிருக்கிறது என்று கொள்ளலாம். திறந்த தண்ணீர் கொஞ்சம் இருந்தாலும் முக்குளிப்பான் இருக்கும். மீன்கொத்தி, நீர்க்காகம், சாம்பல் நாரை, குளத்துக்கொக்கு இவற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள். செந்நாரையை மட்டும் கவனியுங்கள். சாம்பல் நாரையைவிட மெலிந்த, கபிலமும் ஊதாவும் கலந்த, பாம்புபோல் வளைந்த கழுத்துடைய நாரை அது. சாம்பல் நாரை மரத்தில் கூடு வைக்கும்போது இது சம்புக்குள்ளேயே வைக்கும். ஒரே இடத்தில் அடிக்கடி இறங்கி மறைந்தால் அங்கே கூடு இருக்கலாம், கிட்டப் போகாதீர்கள்.

குருகுகள் மூன்றையும் பறக்கும்போதுதான் பிரிக்க முடியும், அதுவும் இரண்டு மூன்று விநாடிகளில். மஞ்சள் குருகு வெளிர்மஞ்சள் உடம்போடு எழும்பும், ஆனால் சிறகின் பின்பாதி கறுப்பு. அந்தக் கறுப்பும் வெளிர்நிறமும் முரண்படுவது தூரத்திலும் தெரியும். செங்குருகுக்குச் சிறகு முழுவதும் ஒரே செங்கபிலம், கறுப்பே இருக்காது. கருங்குருகு மேலெல்லாம் இருண்டு, கழுத்தின் பக்கத்தில் மட்டும் மஞ்சள் பட்டையோடு இருக்கும். இருக்கும்போது கபிலமாக இருந்து, பறக்கத் தொடங்கியதும் சிறகு வெள்ளையாக விரிந்தால் அது குளத்துக்கொக்கு. புதிதாகப் பார்ப்பவர்கள் குருகு என்று எழுதுவதில் மிகப் பெரும்பாலானவை இதுதான். செங்குருகு இலங்கையில் வருடம் முழுவதும் இருந்து கூடு கட்டும் பறவை. மஞ்சள் குருகில் இங்கேயே இருப்பவையும் உண்டு, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருபவையும் உண்டு. உங்கள் கிடங்கில் எது இருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சம்பு ஒரு ஏக்கருக்கு மேல் பரந்து, அடியில் வருடத்தின் பெரும்பகுதி தண்ணீர் நின்றால் ஒன்றாவது இருக்கும் என்பது என் ஊகம்.

சின்னக் குருவிகளில்தான் காது கட்டாயம் வேண்டும். சம்புக்குள் உயரத்திலிருந்து கரகரத்த குரலில், நிறுத்தாமல், அந்தச் சிறிய உடம்புக்குப் பொருந்தாத உரப்போடு ஒன்று பாடினால் அது நாணல் கதிர்க்குருவி. இலங்கையிலேயே இருந்து கூடு கட்டும் இனம் இது, நிற்கும் சம்புத் தாள்கள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டி அதில் கிண்ணம்போல் கூடு வைக்கும். சம்பு இல்லையென்றால் இந்தப் பறவை இல்லை. உங்கள் கிடங்குக்கு மதிப்புச் சேர்க்கக்கூடிய முதலாவது பெயர் இதுதான் என்பேன். இதோடு குழப்பப்படும் இன்னொன்று உண்டு. ஒக்டோபருக்குப் பிறகு வேலியோரங்களிலும் பற்றைகளிலும் இரண்டு கல்லைத் தட்டினாற்போல் 'டக், டக்' என்று விட்டுவிட்டு ஒலிப்பது பிளைத் நாணல் கதிர்க்குருவி. பெயரில் நாணல் இருந்தாலும் குளிர்காலத்துக்கு இங்கே வரும்போது அது காணி வேலியையும் பற்றைக்காட்டையுமே விரும்பும். கிடங்கின் கரையிலுள்ள நாயுண்ணிப் பற்றைக்குள் கேட்டதை வைத்துக்கொண்டு சம்புக்குள் இருப்பதாக எழுதிவிட வேண்டாம். நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு சம்பு நுனியில் பூச்சிபோல் சிலம்பும் சின்னக் கதிர்க்குருவிகள் இலகுவில் தெரியும். சிவந்த நெஞ்சுள்ள சின்னக் கானாங்கோழியும், குளிர்காலத்தில் ரஷ்யப் பக்கமிருந்து வந்து புல்லடியில் எலிபோல் ஓடித் திரியும் கதிர்க்குருவி ஒன்றும் இப்படிப்பட்ட இடங்களில் இருக்க வாய்ப்புள்ளவை. ஆனால் அவற்றை நல்ல ஒளிப்பதிவோ ஒலிப்பதிவோ இல்லாமல் பட்டியலில் ஏற்றக்கூடாது. என்னுடையதிலும் நான் ஏற்றுவதில்லை.

தூக்கணாங்குருவி எல்லாருக்கும் தெரியும். பனையிலோ முள்மரத்திலோ தண்ணீருக்கு மேல் நீண்ட குழாயோடு கூட்டைத் தொங்கவிடும். சம்புக்குள் அதன் உறவு ஒன்று கட்டும். அதைப் பலர் கவனிப்பதில்லை. நெஞ்சில் கறுப்புக் கோடுகள் உள்ள கீற்றுத் தூக்கணாங்குருவி அது. கூட்டைத் தொங்கவிடாமல், நிற்கும் சம்புத் தாள்களையே கூட்டின் தலைப்பக்கத்துக்குள் சேர்த்துப் பின்னிவிடும். வாசல் குழாயும் குட்டை. மழையில் புல்லும் நெல்லும் செழித்திருக்கும் மாதங்களில் ஆண்பறவையின் தலை பொன்மஞ்சளாக மாறும், அப்போது பார்த்தால் பிழைக்காது.

மாலை நேரத்தைத் தவறவிடாதீர்கள். பகலில் வயலிலும் தரவையிலும் மேயும் பறவைகள் பல இரவுக்குச் சம்புக்கு வரும், ஏனென்றால் சுற்றித் தண்ணீர் நிற்கும் சம்புக்குள் நரியோ காட்டுப்பூனையோ அரவமில்லாமல் வர முடியாது. மஞ்சள் வாலாட்டிகளும் தகைவிலான்களும் உலகின் பல பகுதிகளில் நாணலுக்குள் கூட்டமாகத் தங்குவது நன்றாக அறியப்பட்டது. இரண்டுமே மாரிக்கு வன்னிக்கு வருபவை. உங்கள் கிடங்கில் தங்குகின்றனவா என்பதை ஒரு டிசெம்பர் மாலை, பொழுது படும் முன் அரை மணித்தியாலமும் பட்ட பின் கால் மணித்தியாலமும் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதே நேரத்தில் சம்புக்கு மேலே தாழ்ந்து, சிறகைச் சற்று மேல்நோக்கி வைத்தபடி, அசைவில்லாமல் மிதந்து போகும் கபிலநிறப் பருந்து வந்தால் உற்றுப் பாருங்கள். தலை வெளிர்மஞ்சளாக இருந்தால் அது சேற்றுப் பூனைப்பருந்தின் பெண்ணாகவோ இளசாகவோ இருக்கலாம். செம்பருந்தின் இளசும் கபிலமாகத்தான் இருக்கும், அதைத்தான் பலர் பூனைப்பருந்து என்று எழுதுகிறார்கள். ஆனால் செம்பருந்து சிறகை மேல்நோக்கி அப்படிப் பிடிக்காது, நிறத்தைவிடச் சிறகின் நிலையை நம்புங்கள். உள்ளான்கள் பற்றியும் ஒரு சொல். சேற்றிலிருந்து திடீரென்று வளைந்து வளைந்து எழும்பும் உள்ளான் இலங்கையில் பெரும்பாலும் ஊசிவால் உள்ளான்தான். சிறகின் பின்விளிம்பில் தெளிவான வெள்ளைக் கோடு தெரிந்தால் மட்டும் வேறு இன உள்ளானாக இருக்கலாம் என்று எண்ணுங்கள். கோட்டைப் பார்க்க முடியவில்லை என்றால் 'உள்ளான்' என்று மட்டும் எழுதுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

எதிர்பார்க்கக் கூடாதவற்றையும் சொல்லவேண்டும். பூநாரை உங்கள் கிடங்குக்கு வராது; அதற்கு உவர்நீரும் சேற்றுவெளியும் வேண்டும், அது வங்காலைக்கும் சுண்டிக்குளத்துக்கும் உரிய காட்சி. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஆயிரக்கணக்கில் இறங்குவது கட்டுக்கரைக்குளம், வங்காலை போன்ற விரிந்த நீர்வெளிகளில். சம்பு மூடிய சில ஏக்கர்க் கிடங்கில் அப்படி ஒரு கூட்டம் வர நியாயம் இல்லை. வங்காலை 2010இல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது, சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது. அந்த இடங்களோடு உங்கள் கிடங்கை ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம். அங்கே மேயும் வாத்தை எண்ணலாம், நாணல் கதிர்க்குருவிக்குக் கூடு கட்ட அங்கே இடம் குறைவு.

கிடங்கின் வடிவம் நிறையத் தீர்மானிக்கும். சம்பு பெரும்பாலும் ஒரு மீற்றருக்குக் குறைந்த ஆழத்தில்தான் வேர் பிடிக்கும். களிமண் வெட்டியவர்கள் ஆழமாக வெட்டிய இடத்தில் தண்ணீர் திறந்தே இருக்கும், மேலோட்டமாக வெட்டிவிட்ட இடத்தில் பஞ்சு விதை காற்றில் வந்து விழுந்து மூடியிருக்கும். கரை செங்குத்தாக இருந்தால் கால்நீண்ட பறவைகளுக்கு இறங்கி நிற்க இடமில்லை. ஆகவே உங்களுக்குக் கொக்கு குறைவாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அதே செங்குத்துக் களிமண் சுவர் மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் தேவையானது. வெண்நெஞ்சு மீன்கொத்தி அப்படியான சுவரில் வளை தோண்டித்தான் முட்டை இடும். கைமுட்டியளவு ஓட்டையும் கீழே வெள்ளை எச்சமும் தெரிகிறதா என்று எதிர்க்கரையிலிருந்து பாருங்கள். இன்னொரு விடயம், வன்னியில் சிறிய குளங்கள் ஒகஸ்ட் செப்டெம்பரில் வற்றி வெடிக்கும்போது ஆழமான களிமண் கிடங்கு பெரும்பாலும் வற்றாது. அந்த இரண்டு மாதமும் சுற்றுவட்டாரப் பறவைகள் அங்கே ஒதுங்கும். வருடத்தில் ஒருமுறைதான் போக முடியும் என்றால் ஜனவரியைவிட அந்தக் கடைசிக் கோடையில் போகச் சொல்வேன்.

இப்போது நிலம் சுகப்பட்டதா என்ற கேள்வி. பறவைகள் வந்ததால் அங்கே உணவும் ஒளிவிடமும் இருக்கின்றன என்று நிச்சயமாகச் சொல்லலாம். நத்தைகுத்தி நாரை வந்தால் நத்தை இருக்கிறது, மீன்கொத்தி தங்கினால் சின்ன மீன் இருக்கிறது. தண்ணீர் சுத்தம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. டி.டி.ரி. பூச்சிகொல்லியால் வேட்டைப் பறவைகளின் முட்டைக்கோது மெலிந்துபோனதைப் பிரித்தானிய ஆய்வாளர் டெரிக் ராட்க்ளிஃப் 1967இல் காட்டினார். அந்தப் பறவைகள் அதுவரை வழமைபோல் வந்து, இரை பிடித்து, கூடும் கட்டிக்கொண்டுதான் இருந்தன, முட்டைதான் அடைகாக்கையில் உடைந்தது. ஆகவே வருகிறதா என்பதோடு நிற்காமல், குஞ்சு பொரித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறதா என்று பாருங்கள். குஞ்சுகளோடு நீந்தும் முக்குளிப்பான், கரிய பஞ்சுக் குஞ்சுகள் பின்னால் ஓடும் கானாங்கோழி, இவற்றை வருடாவருடம் பதிந்தால் அது வெறும் வருகையைவிடப் பலமான சான்று. அதுவும் மீனை மனிதர் உண்ணலாமா என்ற கேள்விக்குப் பதிலாகாது. அதற்குத் தண்ணீரையும் சேற்றையும் ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ பல்கலைக்கழகத்திடமோ கேட்டுப் பாருங்கள்.

என்ன தொழில் நடந்தது என்பதும் முக்கியம். ஓட்டுத் தொழிற்சாலையில் களிமண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுட்டார்கள். வெட்டிய கிடங்கில் கொட்டுவதற்கு இரசாயனக் கழிவு அதிகம் இருந்திருக்க நியாயமில்லை. யந்திர எண்ணெய் சிந்திய இடங்கள் இருக்கலாம், பிறகு யுத்தம் விட்டுப்போனவை இருக்கலாம். பரந்தனில் ஆனையிறவு உப்பைக்கொண்டு காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை இருந்த நிலத்தைப் பற்றி யாராவது இதே கேள்வியைக் கேட்டால், மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். உங்களுடையதைப் பற்றி ஓரளவு நம்பிக்கையோடு பேசலாம்.

பழைய தொழிற்சாலை நிலம் நல்ல நாணல்காடாக மாறியதற்கு வெளியில் எடுத்துக்காட்டுகள் உண்டு. வேல்ஸில் நியூபோர்ட் ஈரநிலம் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைகள் இருந்த நிலத்தில் உண்டானது, 2000இல் திறக்கப்பட்டது. கார்டிஃப் குடாவில் தடுப்பணை கட்டியதால் பறவைகள் இழந்த சேற்றுவெளிக்கு ஈடாக அதை அமைத்தார்கள். இங்கிலாந்தின் சொமர்செற்றில் எரிபொருளாகும் பீற் மண் வெட்டிய கிடங்குகள் இன்று நாணலும் தண்ணீருமாக இருக்கின்றன. 1997இல் பிரித்தானியா முழுவதிலும் குரல் கொடுத்த பெருங்குருகு ஆண்கள் 11 மட்டுமே; இப்போது இருநூறைத் தாண்டிவிட்டன, அதில் இப்படிப்பட்ட இடங்களின் பங்கு பெரிது. ஆனால் அந்த நிலங்கள் தாமாக அப்படி நிற்கவில்லை. தண்ணீர் மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள், நாணலைப் பகுதி பகுதியாக முறைவைத்து வெட்டுகிறார்கள். விட்டுவிட்டால் வருடாவருடம் மடியும் தாள் அடியில் படிந்து, தண்ணீர் குறைந்து, கடைசியில் பற்றைக்காடாகிவிடும். உங்கள் கிடங்கின் மேலோட்டமான பகுதிக்கும் இதுதான் நடக்கும், நிரப்பாவிட்டாலும்.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வேலி போட்டு மூடி, மாடும் ஆளும் போகாமல் காப்பது தீர்வல்ல. இந்தியாவில் பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். எருமை தின்றுகொண்டிருந்த புல் பின்னர் தண்ணீரை மூடியது, பறவைகளுக்கு இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு அதைக் காட்டியது. உங்கள் ஊர் எருமைப்பட்டி கோடையில் கிடங்கின் ஒரு பக்கத்தில் இறங்கி மிதிப்பது அந்த விளிம்பைத் திறந்து வைக்கிறது, அதை நிறுத்த வேண்டாம். பாய்க்குப் பன்னும் சம்பும் வெட்டுபவர்கள் இருந்தால், ஒரு வருடம் ஒரு பக்கம், மறுவருடம் மறுபக்கம் என்று வெட்டச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டினால் கிழங்குக்குக் காற்றுப் போகாமல் அழுகி அந்த இடம் திறந்துவிடும். திரும்ப வளர வேண்டும் என்றால் மட்டத்துக்கு மேலே வெட்ட வேண்டும். கோடையில் நெருப்பு வைப்பதை மட்டும் எப்படியாவது தடுத்துப் பாருங்கள், தப்ப முடியாத குஞ்சும் ஆமையும் அதில் வேகும்.

நிரப்பச் சொல்பவர்கள் அநேகமாக நுளம்பையும் பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்பதையும் சொல்வார்கள். டெங்கு நுளம்பு சிரட்டை, ரயர், தண்ணீர்த் தொட்டி போன்ற சிறிய கொள்கலன்களில்தான் பெருகும். மீனும் தும்பிப் புழுவும் உள்ள கிடங்கை மூடுவதால் டெங்கு குறையாது. மலேரியாவை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது. பிள்ளைகள் பற்றிய பயம் நியாயமானது. செங்குத்தான, வழுக்கும் களிமண் கரையில் விழுந்தவர் ஏறுவது கடினம். கரையை ஒரு பக்கத்தில் சரித்து விட்டால் ஏறி வரலாம், கொக்குக்கும் நிற்க இடம் கிடைக்கும். ஊர்க் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆனால் யாரும் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் அடுத்த பந்தியை வாசியுங்கள்.

இந்த நிலம் வன்னியில் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணிதானா என்று கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போகவே வேண்டாம். கரை துப்புரவாக்கப்பட்டது என்றால் தண்ணீருக்கடியும் பார்க்கப்பட்டது என்று பொருள் இல்லை, வெள்ளம் கண்ணிகளை இடம்மாற்றவும் கூடும். மாடும் ஆளும் வழமையாகப் போகும் பாதையை விட்டு ஒரு அடியும் விலகாதீர்கள், தண்ணீருக்குள் இறங்காதீர்கள். மண்டையோட்டுச் சின்னமுள்ள சிவப்புப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள். சந்தேகமான இரும்பு எதையும் தொடாமல் 119க்கு அறிவியுங்கள். எவ்வளவு அரிய பறவையாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. முதலை வன்னிக் குளங்களிலிருந்து மாரியில் கிடங்குகளுக்கு நகரும், விளிம்பில் குந்தியிருக்காமல் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி இருங்கள். புடையனுக்காக முழங்கால் வரை சப்பாத்து, யானைக்காக இருட்டும் முன் வெளியேறுவது, கையில் காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சலை நினைத்து அந்தத் தண்ணீரைத் தவிர்ப்பது, இவ்வளவும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதிவு செய்வது பற்றி. 1983 முதல் 2009 வரை வடக்கில் ஒழுங்கான பறவைப் பதிவுகள் மிகக் குறைவு. பெரிய குளங்களுக்கும் களப்புகளுக்கும் இப்போது கணக்கெடுப்பவர்கள் போகிறார்கள், ஒரு ஓட்டுத் தொழிற்சாலைக் கிடங்குக்கு யாரும் போகமாட்டார்கள். நீங்கள் போனால்தான் உண்டு. திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, தண்ணீர் எவ்வளவு, கண்டது எது, கேட்டது எது என்று தனித்தனியே எழுதுங்கள். ஒன்றும் காணாத நாளையும் எழுதுங்கள். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் ஏற்றினால் மற்றவர்களுக்கும் பயன்படும். கூடு உள்ள இடத்தை மட்டும் நுணுக்கமாகப் போட வேண்டாம், கானாங்கோழிக்குக் கண்ணி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு சில இனங்கள் தவிர எல்லாக் காட்டுப் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை, முட்டையும் கூடும் உட்பட. நிரப்பும் பேச்சு வரும்போது ஊரவர் முன் வைக்க ஒரு வருடத்துப் பதிவுப் புத்தகம் இருந்தால் உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 வாங்குங்கள். பத்து மடங்கு பெருக்குவது கை நடுக்கத்தையும் பெருக்கும், பார்க்கும் பரப்பும் சுருங்கும்; சம்புக்குள் இருந்து இரண்டு விநாடி வெளிவரும் பறவைக்குப் பரப்புத்தான் வேண்டும். 42 என்பது முன்கண்ணாடியின் மில்லிமீற்றர் விட்டம், விடியப்புறத்து மங்கல் வெளிச்சத்துக்கு அது போதும். கைபேசியின் ஒலிப்பதிவு இப்போதைக்கு அதைவிட முக்கியம். குரலை வைத்துப் பெயர் சொல்லும் செயலிகள் உதவும், ஆனால் அவை சொல்லும் பெயரைச் சாட்சியாக எடுக்காமல் எதைத் தேடுவது என்பதற்குக் குறிப்பாக மட்டும் எடுங்கள். முதல் வேலையாக, விடியும் முன் பாதையில் நின்றபடியே ஐந்து நிமிடம் பதிந்து இங்கே போடுங்கள். கிடங்கின் எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் எருமை இறங்குகிறது, கோடையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். அவற்றைப் பார்த்தால் மேலே ஊகமாக விட்டதில் சிலவற்றையாவது உறுதியாகச் சொல்ல முடியும்.